மூச்சுக்கு ஓர் எல்லை

நுழையும்முன்

ஆற்றலைப் பெருக்குவதே அறிவியலின் பணி என்று பலரும் எண்ணுகின்றனர். பெருகிய ஆற்றலுக்கு எல்லை வகுப்பதும் அறிவியலின் பணியே. பாலைவனப் பந்தயத்தில் ஓடும் ஊர்தியின் எந்திரம் எவ்வளவு காற்றை உள்ளிழுக்கலாம் என்பதற்குக்கூட விதி உண்டு. அந்த விதியின் இயற்பியலையும் வரலாற்றையும் நம் தொப்பூர்க் கணவாயில் நின்று விளக்குகிறது இப்பாடம்.

கணவாயில் கேட்கும் மூச்சு

தருமபுரியையும் சேலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை, தொப்பூரில் மலைகளுக்கிடையே வளைந்து இறங்குகிறது. மைசூர்ப் போர்க் காலத்தில் படைகள் கடந்த இக்கணவாயை இன்று இரவும் பகலும் சரக்குந்துகள் கடக்கின்றன. வட இந்தியாவையும் தென்கோடியையும் இணைக்கும் பெருவழி இது.

சாலையோரம் சற்று நின்று செவிகொடுத்தால் இருவகை ஒலிகளைக் கேட்கலாம். சேலத்துப் பக்கமிருந்து ஏறிவரும் சரக்குந்தின் எந்திரம், சுமை தூக்கி மேடேறும் மனிதனைப் போல் மூச்சு வாங்குகிறது. தருமபுரியிலிருந்து இறங்கும் சரக்குந்தோ அடக்கிய குரலில் உறுமிக்கொண்டு மெல்ல நகர்கிறது. ஏறும் வண்டிக்குக் காற்று மிகுதியாகத் தேவை. இறங்கும் வண்டிக்கு அந்தக் காற்றோட்டத்தை அடக்கியாள்வது தேவை. எந்திரத்தின் மூச்சை அளந்து ஆளும் இக்கலையே, உலகின் மிகக் கடினமான பந்தயங்களின் விதிநூலிலும் முதன்மை இடம் பெற்றிருக்கிறது.

எந்திரம் உண்ணும் காற்று

வண்டியின் ஆற்றல் பெட்ரோலில் இருப்பதாகவே பொதுவாகக் கருதுகிறோம். ஆயினும், பெட்ரோல் தனியே எரிவதில்லை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிபொருளைக் கூடுதலாகச் செலுத்துவது எளிது. அதற்கு ஈடான காற்றைச் செலுத்துவதே கடினம். ஆகவே, எந்திரத்தின் ஆற்றலை முடிவு செய்வது அது உண்ணும் எரிபொருளைவிட, அது இழுக்கும் மூச்சே எனலாம்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் இயங்குகிறது. அது ஒருமுறை கீழிறங்கும்போது விடுபடும் இடத்தின் பருமனே எந்திரக் கொள்ளளவு. இதனைக் கன சென்டிமீட்டரில், அதாவது ‘சி.சி.’ என்னும் அலகில் குறிப்பிடுகிறோம். 9.5 செ.மீ. விட்டமுடைய சிலிண்டரில் பிஸ்டன் 6.34 செ.மீ. தொலைவு நகருமாயின், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 449 சி.சி. ஆகும்.

நான்கு வீச்சு எந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை மூச்சிழுக்கிறது. 450 சி.சி. எந்திரம் நிமிடத்திற்கு 9,000 முறை சுழன்றால், நொடிக்கு 75 முறை மூச்சிழுக்கும். அப்படியானால் ஒரு நொடியில் அது இழுக்கக்கூடிய காற்று ஏறத்தாழ 34 லிட்டர். ஓய்வாக இருக்கும் மனிதர் ஒரு மூச்சில் இழுப்பது அரை லிட்டர் மட்டுமே. இவ்விரு எண்களையும் ஒப்பிட்டால், எந்திரத்தின் பசி எத்தகையது என்பது விளங்கும்.

இதனால்தான், பந்தய ஊர்திகளை வகைப்படுத்த விரும்பியவர்கள் முதலில் கொள்ளளவைப் பிடித்துக்கொண்டனர். இத்தனை சி.சி.க்கு மேல் கூடாது என்று வரம்பிட்டால், இழுக்கும் காற்றும் வரம்புக்குள் நிற்கும். ஆற்றலும் வரம்புக்குள் நிற்கும் என்பது அவர்கள் கணக்கு.

கணக்கு தவறிய காலம்

அக்கணக்கு ‘டர்போ’ என்னும் கருவியின் முன் தோற்றது. எந்திரம் வெளிவிடும் சூடான புகையின் விசையால் ஒரு சிறு சுழலியைச் சுற்றி, அதன் துணையால் வெளிக்காற்றை அமுக்கிச் சிலிண்டருக்குள் திணிப்பது டர்போவின் வேலை. சிலிண்டரின் பருமன் மாறுவதில்லை. அதில் அடங்கும் காற்றின் நிறையோ பன்மடங்காகிறது. சிறிய பாத்திரத்தில் அமுக்கி அமுக்கி நெல்லை அளப்பது போன்றது இது.

விதி வகுத்தவர்கள் இதனை அறியாமல் இல்லை. டர்போ பொருத்திய எந்திரத்தின் கொள்ளளவை 1.4 என்னும் எண்ணால் பெருக்கிக் கணக்கிடுமாறு விதித்தனர். 1980களில் ரேலிப் பந்தயங்களில் ‘குரூப் பி’ என்றொரு பிரிவு இருந்தது. அதில் ஓடிய லான்சியா டெல்டா எஸ்4 மகிழுந்தின் கொள்ளளவு 1,759 சி.சி. அதனை 1.4 ஆல் பெருக்கினால் 2,463 வரும். 2,500 என்னும் வரம்புக்குள் அது அடங்கிவிட்டது. தாளில் அடங்கிய ஆற்றல் சாலையில் அடங்கவில்லை. 450 குதிரைத்திறனையும் கடந்த அவ்வூர்திகள், குறுகிய மலைச்சாலைகளில் மக்கள் கூட்டத்தினிடையே பாய்ந்தன.

1986 மார்ச்சில் போர்ச்சுகல் ரேலியில் ஓர் ஊர்தி கூட்டத்தில் பாய்ந்து பார்வையாளர்கள் உயிரிழந்தனர். அதே ஆண்டு மே மாதம் கோர்சிகாத் தீவில் நடைபெற்ற ரேலியில் டெல்டா எஸ்4 ஊர்தி பள்ளத்தில் வீழ்ந்து எரிந்தது. அதை ஓட்டிய ஹென்றி டோய்வொனனும், உடன் சென்று வழிகாட்டிய செர்ஜியோ கிரெஸ்டோவும் மாண்டனர். உலக ரேலிப் போட்டிகளில் குரூப் பி பிரிவு அவ்வாண்டோடு முடிவுக்கு வந்தது. பாத்திரத்தை மட்டும் அளந்தால் போதாது, அதற்குள் செல்லும் வாயிலையும் அளக்க வேண்டும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது.

குறுகிய வாயில்

வாயிலை அளக்க உதவுவதே ‘ரெஸ்ட்ரிக்டர்’ எனப்படும் காற்றுத் தடுப்பான். பார்வைக்கு இது ஓர் எளிய உலோக வளையம். எந்திரத்திற்குள் செல்லும் காற்று அனைத்தும் இவ்வளையத்தின் குறுகிய கழுத்தைக் கடந்தே செல்ல வேண்டும். வேறு வழியில் ஒரு துளிக் காற்றும் புகக் கூடாது. வாயிலைக் கையால் முழுவதும் அடைத்தால் எந்திரம் உடனே நின்றுவிட வேண்டும் என்பது ஆய்வாளர்கள் செய்யும் சோதனை.

எந்திரம் இன்னும் வலுவாக உறிஞ்சினால் அக்குறுகிய கழுத்தின் வழியே மிகுதியான காற்றைப் பெற முடியாதா என்று கேட்கலாம். ஓர் எல்லை வரை முடியும். உறிஞ்சும் விசை கூடக் கூடக் கழுத்தில் காற்றின் வேகம் கூடும். அவ்வேகம், அவ்விடத்துக் காற்றில் ஒலி செல்லும் வேகத்தை எட்டியதும், அதற்குமேல் எவ்வளவு உறிஞ்சினாலும் உள்ளே செல்லும் காற்றின் நிறை கூடுவதில்லை.

இதற்கான காரணம் சுவையானது. உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறது என்னும் செய்தி, அழுத்த அலையாகவே வெளிக்காற்றைச் சென்றடைகிறது. அந்த அலை ஒலியின் வேகத்தில் செல்வது. ஒகேனக்கல்லில் ஆற்றை எதிர்த்து நீந்துபவரை எண்ணிப் பாருங்கள். நீரின் வேகமும் அவர் நீந்தும் வேகமும் சமமானால், எவ்வளவு கை வீசினாலும் அவர் ஓரடிகூட முன்னேற மாட்டார். அதுபோலவே, ஒலியின் வேகத்தில் எதிரே வரும் காற்றைக் கடந்து அழுத்த அலை வெளியேற இயலாது. எந்திரத்தின் பசிக்குரல் வாயிலைத் தாண்டிக் கேட்பதில்லை. ஆகவே, வாயிலின் பரப்பே இறுதி எல்லையாகிறது.

பரப்பு, விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைவது. எனவே சிறு மாற்றமும் பெரும் விளைவைத் தரும். உலக ரேலிப் போட்டியில் 2017ஆம் ஆண்டு தடுப்பானின் விட்டம் 33 மி.மீ. இலிருந்து 36 மி.மீ. ஆக உயர்த்தப்பட்டது. கூடியது மூன்று மில்லிமீட்டர்தான். வாயிலின் பரப்போ ஏறத்தாழ 19 விழுக்காடு பெருகியது. அவ்வூர்திகளின் ஆற்றலும் 380 குதிரைத்திறனை எட்டியது.

தெரியுமா?

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே இருக்கும். அங்கு மனிதருக்கு மூச்சு வாங்குவதுபோல் எந்திரத்திற்கும் மூச்சு வாங்கும். அதன் ஆற்றல் குறையும். டக்கார் ரேலி ஆண்டிஸ் மலைத்தொடரில் நடைபெற்ற ஆண்டுகளில் வீரர்களும் எந்திரங்களும் இத்துன்பத்தை ஒருங்கே எதிர்கொண்டனர்.

பாலைவனத்தில் ஒரு விதி

பாலைவன ரேலிகளில் பெரும்புகழ் பெற்றது டக்கார் ரேலி. சகாராவில் வழிதவறி உயிர்பிழைத்த பிரெஞ்சுக்காரரான தியரி சபீன் இதனைத் தொடங்கினார். முதல் பந்தயம் 1978 டிசம்பர் 26 அன்று பாரிசிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள டக்கார் நகரை நோக்கிப் புறப்பட்டது. பாதுகாப்புக் காரணங்களால் 2008ஆம் ஆண்டுப் பந்தயம் கைவிடப்பட்டது. 2009 முதல் 2019 வரை தென் அமெரிக்காவிலும், 2020 முதல் சவுதி அரேபியாவிலும் நடைபெற்று வருகிறது.

பாலைவனம் ஏமாற்றும் நிலம். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை தடையில்லாமல் விரிந்து கிடப்பதால் வேகத்தைத் தூண்டும். மணல்மேட்டின் மறுபக்கம் சரிவா, பாறையா, பள்ளமா என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது. பெரிய எந்திரம் பொருத்திய இருசக்கர வண்டிகள் அங்குக் கண்மூடித்தனமான வேகத்தை எட்டின. 2002ஆம் ஆண்டு இத்தாலிய வீரர் ஃபாப்ரிசியோ மியோனி, 950 சி.சி. வகை இரட்டைச் சிலிண்டர் வண்டியில் வென்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2005 ஜனவரியில், மொரித்தானியப் பாலையில் அவரே விபத்தில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலிய வீரர் ஆண்டி கால்டிகாட் மாண்டார்.

வேகத்திற்கு அணைகட்ட வேண்டும் என்னும் குரல் வலுத்தது. 2010ஆம் ஆண்டு, 450 சி.சி.க்கு மேற்பட்ட 690 சி.சி. வண்டிகள் காற்றுத் தடுப்பானோடு மட்டுமே முன்னணிப் போட்டியில் இடம்பெற்றன. 2011 முதல் 450 சி.சி. என்பதே மேல் எல்லையாயிற்று. தடுப்பான் பூட்டிய 690 சி.சி. வண்டியில் 2010இல் சிரில் டெப்ரே வென்றார். புதிய 450 சி.சி. வண்டியில் 2011இல் மார்க் கோமா வென்றார். எந்திரம் சிறுத்ததால் பந்தயத்தின் சுவை குன்றவில்லை. மணலில் வழியறியும் திறனும், வண்டியைப் பேணும் பொறுமையும் முன்னிலும் மதிப்புப் பெற்றன.

மகிழுந்துப் பிரிவில் சிக்கல் வேறுவகையானது. அங்கு பெட்ரோலில் ஓடுவன, டீசலில் ஓடுவன, டர்போ உடையன, அஃது இல்லாதன எனப் பலவகை எந்திரங்கள் ஒரே களத்தில் மோதுகின்றன. அனைத்திற்கும் ஒரே கொள்ளளவு வகுத்தால் நீதி பிறக்காது. ஆகவே, எந்திரத்தின் வகைக்கேற்பத் தடுப்பானின் விட்டம் வெவ்வேறாக வகுக்கப்பட்டு, தேவைக்கேற்பத் திருத்தவும் பட்டது. சமமானவர்க்குச் சமநீதி எளிது. சமமற்றவர்களிடையே சமநிலை காண்பதற்கே நுட்பமான அளவுகோல் வேண்டும்.

விதியை ஏய்த்த வளையம்

விதி இருக்கும் இடத்தில் அதனை ஏய்க்கும் முயற்சியும் இருக்கும். 1995ஆம் ஆண்டு ஸ்பெயினின் கட்டலோனியா ரேலியில் டொயோட்டா அணியின் ஊர்திகளை ஆய்வு செய்தபோது வியப்பூட்டும் அமைப்பொன்று கண்டறியப்பட்டது. குழாயை இறுக்கிப் பொருத்துகையில் காற்றுத் தடுப்பான் சில மில்லிமீட்டர் விலகி, பக்கவாட்டில் காற்று புக இடம் கொடுத்தது. ஆய்வுக்காகக் குழாயைக் கழற்றினால், தடுப்பான் பழைய இடத்திற்கே திரும்பி, விதிப்படி இருப்பதாகத் தோற்றமளித்தது.

அந்த நுட்பத்தை வகுத்தவர்களின் அறிவுத்திறன் ஐயத்திற்கு இடமற்றது. அவ்வறிவு சென்ற திசைதான் பிழையானது. அவ்வாண்டின் புள்ளிகள் அனைத்தையும் இழந்த அணி, ஓராண்டுக் காலம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. நேர்மை இல்லாத நுண்ணறிவு, ஈட்டியதையும் இழக்கச் செய்யும் என்பதற்கு இவ்வளையமே சான்று.

நம்மவர் தடம்

எந்திரம் சிறுத்தபோது புதியவர்களுக்குக் கதவு திறந்தது. 2015ஆம் ஆண்டு பெங்களூருவைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ் டக்கார் ரேலியில் பங்கேற்று 36ஆவது இடம் பெற்றார். அப்பந்தயத்தை நிறைவு செய்த முதல் இந்தியர் அவரே.

முன்பு தருமபுரி மாவட்டத்தோடு இணைந்திருந்து, 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள ஓசூருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1980இல் 50 சி.சி. எந்திரத்தோடு இருவர் செல்லும் மொப்பெட்டை உருவாக்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் ஆலை அங்குள்ளது. அந்நிறுவனம் பிரான்சின் ஷெர்கோ நிறுவனத்தோடு இணைந்து 2015 முதல் டக்கார் களத்தில் அணியை நிறுத்தியது. அவ்வணிக்காக ஓட்டிய கேரளத்தின் ஹரித் நோவா, 2024ஆம் ஆண்டு ஒட்டுமொத்த வரிசையில் 11ஆம் இடம் பெற்று, ‘ரேலி 2’ பிரிவில் முதலிடம் வென்றார். அதே ஆண்டு மற்றோர் இந்திய நிறுவனமான ஹீரோவின் 450 சி.சி. வண்டியை ஓட்டிய போட்ஸ்வானா வீரர் ராஸ் பிராஞ்ச் இரண்டாம் இடம் பெற்றார்.

கல்லூரி மாணவர்களுக்கும் இத்துறையில் களம் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தளத்தில் ‘ஃபார்முலா பாரத்’ போட்டி நடைபெற்று வந்திருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டிய ஊர்திகளை அங்கு ஓட்டுகின்றனர். இவ்வகை மாணவர் போட்டிகளில் பெட்ரோல் எந்திரம் 710 சி.சி.க்கு மிகக் கூடாது. காற்று முழுவதும் 20 மி.மீ. விட்டமுடைய ஒரே வாயில் வழியே செல்ல வேண்டும். ஏறக்குறைய ஓர் உரூபாய் நாணயத்தின் அளவே அவ்வாயில். வாயிலை அகலமாக்க முடியாத மாணவர்கள், அதன் பின்னுள்ள குழாயை மெல்ல மெல்ல விரியுமாறு வடிவமைத்து, இழந்த அழுத்தத்தை மீட்கக் கற்கின்றனர். எல்லை குறுகும்போது சிந்தனை விரிகிறது.

இறங்கும்போது அடக்கும் மூச்சு

இனி, தொப்பூருக்குத் திரும்புவோம். 30 டன் எடையுள்ள சரக்குந்து 100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அது இழக்கும் நிலையாற்றல் ஏறத்தாழ 2.94 கோடி ஜூல். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமாயின், இவ்வாற்றல் முழுவதும் எங்கேனும் வெப்பமாக மாறியாக வேண்டும். 30 பாகை செல்சியசில் உள்ள 100 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. அவ்வளவையும் சக்கரத்தின் பிரேக் மட்டுமே தாங்கினால், அது பழுக்கக் காய்ந்து பிடிப்பை இழக்கும். பிரேக் மிதியை அழுத்தினாலும் வண்டி நிற்காது.

இங்குதான் எந்திரத்தின் மூச்சு உயிர்காக்கிறது. தாழ்ந்த கியரில் இறங்கும்போது சக்கரங்களே எந்திரத்தைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வேகம் மட்டுப்படுகிறது. கனரக ஊர்திகளில் ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ என்னும் அமைப்பும் உண்டு. அது புகை வெளியேறும் குழாயை அடைக்கிறது. வெளியேற வழியில்லாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன்கள் உந்த வேண்டியிருப்பதால், எந்திரமே பிரேக்காக மாறுகிறது. பந்தய ஊர்தியின் தடுப்பான் உள்மூச்சை அளக்கிறது. மலையிறங்கும் சரக்குந்தின் தடுப்பான் வெளிமூச்சை அடக்குகிறது. இரண்டின் நோக்கமும் ஒன்றே.

டீசலை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் வண்டியை ‘நியூட்ரல்’ நிலைக்குத் தள்ளி இறக்குவோர் இப்பாதுகாப்பைத் தம் கையாலேயே அறுத்துவிடுகின்றனர். எந்திரத்திற்கும் சக்கரத்திற்கும் உள்ள தொடர்பு அறுந்ததும், முழுச் சுமையும் பிரேக்கின் மீது விழுகிறது. மின்னணுக் கட்டுப்பாடுடைய இக்கால எந்திரங்கள், கியரில் இருந்தபடி முடுக்கியிலிருந்து காலை எடுத்தாலே எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ, எந்திரம் அணையாமலிருக்கவே எரிபொருள் செலவாகிறது. ஆகவே, மிச்சம் என்று எண்ணியதும் மிச்சமில்லை.

2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் தொப்பூரில் நிகழ்ந்த தொடர் மோதல்கள், தம் வழியே சென்றுகொண்டிருந்த பலரின் உயிரைக் குடித்தன. பந்தய வீரர் ஆபத்தை அறிந்து தலைக்கவசத்தோடு களமிறங்குகிறார். கணவாயில் மாண்டவர்கள் எப்பந்தயத்திலும் பெயர் கொடுத்தவர்கள் அல்லர். பந்தயத்திற்கு இத்தனை நுட்பமான விதிகள் வகுத்த மனித இனம், அன்றாடச் சாலையின் எளிய விதிகளை மதிக்க மறுப்பது பெருந்துயரம்.

சேம அச்சு

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினியை ஔவையார் புறநானூற்றில் பாடியுள்ளார். பள்ளத்தில் இறங்கியும் மேட்டில் ஏறியும் செல்லும் பாரவண்டிக்கு என்ன நேருமோ என்று முன்னுணர்ந்த உப்பு வணிகர்கள், வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றனர். அதுவே சேம அச்சு. அம்மன்னனை அந்தச் சேம அச்சுக்கு அவர் ஒப்பிட்டார்.

மேடும் பள்ளமும் நிறைந்த இதே மண்ணைச் சார்ந்து பிறந்த உவமை அது. சேம அச்சு வண்டியின் வேகத்தைக் கூட்டுவதில்லை, எடையைத்தான் கூட்டுகிறது. இருந்தும், அதைச் சுமந்து சென்றவனே ஊர் போய்ச் சேர்ந்தான். எந்திரக் கொள்ளளவின் வரம்பும், காற்றுத் தடுப்பானும், தாழ்ந்த கியரும், சாலையோர வேகப் பலகையும் இக்காலத்தின் சேம அச்சுகள். அவை நம்மைத் தடுப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அவை நம்மை வீடு சேர்க்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. 34 மி.மீ. விட்டமுடைய காற்றுத் தடுப்பானை 38 மி.மீ. ஆக மாற்றினால் வாயிலின் பரப்பு எத்தனை விழுக்காடு கூடும்? கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. உங்கள் பகுதியில் சரக்குந்து அல்லது பேருந்து ஓட்டும் ஒருவரைச் சந்தித்து, மலைச்சாலையில் இறங்கும்போது அவர் கைக்கொள்ளும் முறைகளைக் கேட்டறிந்து கட்டுரையாக எழுதுக.

3. ‘எல்லைகள் திறமையைக் குறைக்கின்றனவா, கூர்மையாக்குகின்றனவா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.